தொலைக்காட்சியின் முகவரி

அந்தக் கடிதம் வந்து ஒன்பது நாட்களாகிவிட்டன. பரமநாதன் வீட்டில் யாரும் அதைக் கடிதம் என்று சொல்வதில்லை. ‘அது’ என்றுதான் சொல்கிறார்கள்.

“அதிலை எத்தினை மணியெண்டு போட்டிருக்கு?” என்று சிறிதேவி காலையில் மகளிடம் கேட்டாள்.

“ரெண்டு மணி, அம்மா.” ஆரபி அதை எடுத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு அது மனப்பாடம்.

வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. பழுதாகிப்போன தொலைக்காட்சியைப் பார்வையிடக் கடனட்டைக் கம்பனி ஓர் ஆளை அனுப்புகிறது. அந்த ஆள் வரப்போவது அட்டைக்காரர் சூசைரட்ணத்தின் வீட்டுக்கு. அந்த வீடு ஒஸ்லோவின் தெற்கு முனையில், பியோர்ண்டாலில் இருந்தது. தொலைக்காட்சியோ வாங்கிய நாளிலிருந்து, ஏறத்தாழ மூன்று வருடங்களாக, நகரின் மறுகோடியில், குரோருட்டில் பரமநாதன் வீட்டு வரவேற்பறையில்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு நல்ல மனிதரின் வாசிப்புப் பழக்கம். சூசைரட்ணம் தபாலில் வரும் எதையும் வாசிக்காமல் எறிய மாட்டார். நான்கு வருடங்களுக்கு முன், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பெற்றோரிடம், தன் கடனட்டையோடு வந்த சிறு புத்தகத்தை அகராதி வைத்து வாசித்துக் காட்டினார். அந்த அட்டையால் வாங்கும் மின்சாதனங்களுக்கு, செய்தவன் தரும் உத்தரவாதம் முடிந்த பிறகும், இன்னும் ஒரு வருடம் உத்தரவாதம். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஒருவர் காதோரம் வந்து கேட்டார்: “சூசை அண்ணை, ஒரு லப்டொப் எடுக்க வேணும். உங்கட கிரெடிட் காட்டிலை எடுப்பமோ? காசு இப்பவே கையிலை தாறன்.”

அவர் மறுக்கவில்லை. யாருக்கும் மறுக்கவில்லை. ஒரு கோப்பைத் தேநீருக்கு மேல் யாரிடமும் எதையும் வாங்கவும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை எதற்கு, எங்கள் எல்லோருக்கும் ஒன்று போதாதா என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அதில் பொய் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பொருள் பழுதாகி, படிவம் வந்தபோதுதான் அதில் ஒரு கட்டம் கண்ணில் பட்டது: ‘இப்பொருள் வாங்கிய நாள் முதல் அட்டைக்காரரின் வீட்டிலேயே இருந்து வருகிறது.’

அந்தக் கட்டத்தில் சரி அடையாளம் போட்டவள் ஆரபி. நோர்வேயில் பிறந்தவள், பதினெட்டு வயது, அழகான கையெழுத்து. எல்லோருக்கும் அவள்தான் படிவம் நிரப்புவாள். லப்டொப்புக்கு ஒரு சரி, மைக்ரோவேவுக்கு ஒரு சரி, வீடியோக் கமெராவுக்கு ஒரு சரி. நான்காவது சரி தன் வீட்டுத் தொலைக்காட்சிக்கு.

மூன்றுக்குப் பேசாமல் புதிது கொடுத்த கம்பனி, நான்காவதுக்கு இந்தக் கடிதத்தை அனுப்பியது. சூசைரட்ணம் பதற்றத்தில் இந்த ஒன்றை மட்டும் அகராதி எடுத்து வாசிக்காமல் ஆரபியிடம் கொடுத்துவிட்டார். போன வாரம் இரு குடும்பமும் ஒன்றாக இருந்து கேட்க, அதை மொழிபெயர்த்து வாசித்தவளும் அவள்தான். நாள், நேரம், முகவரி எல்லாம் வாசித்தாள். கடைசி வரியை மட்டும் அவள் வாசிக்கவில்லை.

அது யாருக்கும் தெரியாது.

-

சிறிதேவி தொலைக்காட்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரை கறுத்துப்போய் இரண்டு மாதம். முதலில் இடப்பக்கம் கோடு விழுந்தது, பிறகு பாதி இருண்டது, பிறகு எல்லாம். ஆனால் சத்தம் வரும். பரமநாதன் வேலை முடிந்து வந்ததும் அதை நேரே பார்த்தபடி உட்கார்ந்து வன்னிச் செய்தியைக் கேட்பார். கறுப்புத் திரையை ஒரு மனிதன் அப்படி உற்றுப் பார்ப்பதைக் காண ஆரபிக்கு முதல் நாள் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

“வாங்கின கடைக்காரன் இருந்திருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை,” என்றார் பரமநாதன், இரண்டு குளிர்காலப் போர்வைகளை விரித்தபடி. “கடையைப் பூட்டிப்போட்டுப் போட்டான். நாங்கள் என்ன செய்யிறது?”

“இதையே எத்தினை தரம் சொல்லுவியள்?”

“உண்மை தானே, தேவி.”

“உண்மையெண்டால் ஒருக்காச் சொன்னால் காணும்.”

 மருத்துவமனைச் சமையலறையில் பரமநாதனுக்கு இன்று வேலை. குடும்ப அலுவல் என்று சொல்லி லீவு கேட்டிருந்தார். ஆரபி பள்ளியில் பல் வைத்தியம் என்று சொல்லியிருந்தாள்.

அப்பாவும் மகளுமாகத் தொலைக்காட்சியைத் தூக்கினார்கள். சிறிதேவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான் வரேல்லை. சூசை அண்ணை வீட்டு மேரியம்மா அக்காவின்ர முகத்தைப் பாக்க ஏலாது,” என்றாள். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, போர்வையின் ஒரு முனையை மட்டும் சரிசெய்துவிட்டு விட்டுவிட்டாள்.

படிக்கட்டில் கீழ்வீட்டு நோர்வேஜியப் பெண்மணி எதிரே வந்தார். சுவரோடு ஒட்டி வழிவிட்டு, “புதியது வாங்குகிறீர்களா?” என்று சிரித்தபடி கேட்டார்.

“இல்லை, திருத்த,” என்றார் பரமநாதன்.

உண்மையில் அது பெரிய பொய்யில்லை. இருந்தும், கீழே வரும்வரை அப்பாவின் காது மடல்கள் சிவந்திருப்பதை ஆரபி பின்னால் நின்று பார்த்தாள்.

-

தொலைக்காட்சியை ஏற்றிய வான் வண்டி யோகராசாவுடையது. முதல் லப்டொப் அவருடையதுதான். ஆகவே வான் கேட்டபோது அவர் ஏன் என்று கேட்கவில்லை. திறப்பைத் தந்துவிட்டு, “பெற்றோல் அடிக்க வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் மாதத்து நெடுஞ்சாலை, முந்தின நாள் பனி சேறாகி ஓரங்களில் கிடந்தது. பகல் ஒரு மணிக்கே வெளிச்சம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பின்னால் போர்வைக்குள் தொலைக்காட்சி ஒவ்வொரு குலுக்கலுக்கும் மெல்ல முனகியது.

“நீ ஏன் ஒண்டும் கதைக்கிறாய் இல்லை?”

“என்ன கதைக்க?”

“அந்த வெள்ளைக்காரன் கேக்கிறதை வடிவா விளங்கப்படுத்து. சூசை அண்ணை பதறிப்போடுவார். அவருக்குப் பொய் வராது.”

“உங்களுக்கு வருமோ, அப்பா?”

பரமநாதன் கண்ணாடித் துடைப்பானை ஒருமுறை தேவையில்லாமல் போட்டார். அது கீச்சிட்டுப் போய் வந்தது.

“ஒருத்தற்ற பொருளையும் நாங்கள் களவெடுக்கேல்லை,” என்றார். “காசு குடுத்து வாங்கினது. பழுதாப் போச்சு. கடனட்டைக் கம்பனிக்காரன் திருத்தித் தாறன் எண்டு எழுதியிருக்கிறான். எந்த வீட்டிலை கிடந்தது பழுதாப் போனால் அவனுக்கென்ன?”

இதையே ஆரபியும் ஒன்பது நாட்களாகத் தனக்குச் சொல்லிப் பார்த்திருந்தாள். தனக்குள் சொல்லும்போது கொஞ்சம் நியாயமாகத்தான் இருந்தது. அப்பாவின் வாயால் கேட்டபோது மெலிந்துபோய்த் தெரிந்தது.

-

கதவைத் திறந்த சூசைரட்ணம் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

அவர் ஒரு பாடசாலையின் பராமரிப்பாளர். அறுபது கதவுகளின் திறப்புகள் அவரிடம் இருந்தன. வரவேற்பறைச் சுவரில் சிலுவை, அதற்குக் கீழே ஓர் ஆணி, அந்த ஆணியில் பள்ளியின் சாவிகள் எல்லாம் கோத்த திறப்புக்கோர்வை. பக்கத்தில் நீல முக்காடிட்ட மாதா சொரூபம். அவருடைய சொந்தத் தொலைக்காட்சி, பின்புறம் புடைத்த பழைய பெட்டி, படுக்கையறைக்குள் ஒளிக்கப்பட்டிருந்தது. அது நின்ற மேசையில் அதன் அடித்தளத்தின் அளவுக்கு ஒரு நிறம் மங்காத சதுரம் தெரிந்தது. அவர் மனைவி மேரியம்மா அதன்மேல் ஒரு பின்னல் துணியை விரித்திருந்தாள்.

“இதிலை வையுங்கோ. மெல்ல,” என்றாள்.  சமையலறையிலிருந்து வாஃபிள் வாசனை வந்தது. வருகிறவர் நோர்வேஜியர், ஆகவே வாஃபிளும் பழுப்புச் சீஸும்.

“பிள்ளை, இஞ்சை வா,” என்று சூசைரட்ணம் ஆரபியைத் தனியே கூப்பிட்டார். கையில் ஒரு துண்டுக் கடதாசி. அதில் நோர்வேஜிய மொழியில் ஒரே ஒரு வசனம், பென்சிலால். “இது சரியோ எண்டு பார். ‘இது எப்பவும் இந்த மேசையிலை தான் இருந்தது.’ நான் இரவு இருந்து எழுதினனான்.”

“சரி, மாமா. பிழையில்லை.”

“இறந்தகாலம் எல்லாம் சரியோ?”

“ஓம்.”

அவர் உதடுகளை அசைத்து இருமுறை சொல்லிப் பார்த்தார். அறுபது வயதை நெருங்கும் மனிதர், மறுநாள் பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப் போல. ஆரபி சுவரைப் பார்த்தாள். சுவரில் திறப்புகள் தொங்கின.

கடைசி வரியை இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. மணி அடித்தது.

-

வாசலில் நின்றவன் வெள்ளைக்காரன் இல்லை.

இருபத்துநான்கு வயது மதிக்கத்தக்க தமிழ் இளைஞன். திருத்தும் நிறுவனம் ஒன்றின் கறுப்பு ஜக்கெட், ஒரு கையில் கருவிப்பெட்டி, மறு கையில் கோப்பு. அவனும் அவர்களைப் பார்த்து ஒரு கணம் தயங்கினான்.

“வணக்கம். நான் பிரசாந்தன். ஃபோர்ஸிக்ரிங் ஆக்கள் அனுப்பினவை.” காப்புறுதிக்காரர்களை அவன் அப்படித்தான் சொன்னான். அவனுடைய தமிழ் ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் பாட்டாக இழுத்தது.

அறையில் காற்று மாறியது. பரமநாதன் வாய்விட்டுச் சிரித்தார். “அட, எங்கட பெடியன். வாரும் தம்பி, வாரும். நாங்கள் ஆரோ எண்டு பயந்துபோனம்.”

“தெரிஞ்சிருந்தால் ரோல்ஸ் பொரிச்சிருப்பன்,” என்றாள் மேரியம்மா. “இது வாஃபிள். பரவாயில்லையோ?”

“எனக்கு விருப்பம்,” என்றான் அவன்.

“தம்பி ஆரின்ர மகன்?”

எந்தத் தமிழ் வீட்டிலும் இரண்டாவது கேள்வி அதுதான். அவனும் பழகிய மாதிரியே சொன்னான்: “புஷ்பமலரின்ர. ட்வெய்ட்டாவிலை இருக்கிறம்.”

மேரியம்மா தட்டை மேசையில் வைத்தாள். அது சற்றுப் பலமாக வைக்கப்பட்டது. சூசைரட்ணத்தின் கை கழுத்துப்பட்டிக்குப் போயிற்று. ஆரபி தன் காலுறைகளைப் பார்த்தாள். மூன்றாவது சரி அடையாளம், வீடியோக் கமெராவுக்குப் போட்டது, புஷ்பமலருக்காக. பையனுக்கு அது தெரியாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

பரமநாதன் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. “அம்மாவைத் தெரியும் எங்களுக்கு. நல்ல மனுசி. இருந்து சாப்பிடும், பேந்து பாக்கலாம்.”

“முதல் பாக்கிறன், அங்கிள்.”

அவன் மின்னிணைப்பைக் கொடுத்தான். திரை கறுப்பாகவே இருக்க, உள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வானிலை சொன்னது. கிழக்கே பனி பெய்யும், இரவில் கடும் குளிர். எல்லோரும் கறுப்புத் திரையைப் பார்த்து நின்று கேட்டார்கள்.

“எவ்வளவு காலம் இதிலை நிக்குது?”

சூசைரட்ணம் நிமிர்ந்தார். தமிழில் கேட்ட கேள்விக்கு அவர் நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னார். இது எப்பவும் இந்த மேசையில்தான் இருந்தது. ஒரு சொல்லும் பிசகவில்லை.

பிரசாந்தன் அவரைப் பார்த்தான். தலையாட்டினான். தொலைக்காட்சியை மெல்லத் திருப்பி வைத்து, பின்மூடியின் திருகாணிகளைத் தேடக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

பின்புறத்தில், மேல் மூலையில், காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் கருகிய சிவப்பில் குங்குமம். அதற்கு மேலே மூன்று விரல் திருநீறு. வாங்கிய அன்றைக்கு சிறிதேவி வைத்தது. முன்பக்கம் வைத்தால் திரை பழுதாகும் என்று பரமநாதன் தடுத்ததால் பின்னால் வைத்தாள்.

பிரசாந்தன் சந்தனத்தைப் பார்த்தான். பிறகு சிலுவையைப் பார்த்தான். பிறகு மாதாவை.

“மாமி,” என்றான் மெதுவாக, “நீங்கள் கோயிலுக்கும் போறனீங்களோ?”

“நாங்கள் மாதா கோயில் தான் தம்பி, கல்யாணத்துக்கு முந்தியே…” மேரியம்மா சொல்லிக்கொண்டு வந்தவள், அவன் விரல் இருந்த இடத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

பரமநாதன் ஓரடி முன்னே வந்தார். “அது என்ர மனுசி வைச்சது. வாங்கின அண்டைக்கு நாங்களும் இஞ்சை வந்தனாங்கள். ஒரு ஆசீர்வாதத்துக்கு.”

 வானிலைப் பெண் கடலோரக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆரபி போய் அதை நிறுத்தினாள்.

“தம்பி,” பரமநாதனின் குரல் இறங்கியது. “நீர் எங்கட ஆள் தானே. பாத்தன், பழுது எண்டு ரெண்டு வரி எழுதிவிடும். அவனுக்கென்ன தெரியப்போகுது?”

பிரசாந்தன் தரையிலேயே உட்கார்ந்தான். “அங்கிள், அங்கை நான் ஒரே ஒரு தமிழன். வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாதம் இருக்கு. இந்த வேலையை எனக்குத் தரேக்கை பொஸ் என்ன சொன்னவர் தெரியுமோ? ‘பேரைப் பாத்தால் உங்கட ஆக்கள் மாதிரி இருக்கு, நீ போனால் லேசாக் கதைக்கலாம்’ எண்டு.” அவன் கோப்பைத் திறந்தான். “அதோடை இன்னும் இருக்கு. முந்திப் பழுதுக்குப் பதிலாப் புதுசாக் குடுத்ததுகளையும் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னவை. ஒரு லப்டொப். ஒரு மைக்ரோவேவ். ஒரு வீடியோக் கமெரா, வெள்ளி நிறம், போன வருசம் செப்டெம்பர்…”

அவன் வாசிப்பதை நிறுத்தினான்.

ஆரபி அந்த முகத்தைப் பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் பார்த்தாள். போன வருடம் செப்டெம்பரில், அவனுடைய தங்கையின் பூப்பு விழாவான சாமத்திய வீட்டுக்கு ஒரு வாரம் முன்னால், அந்த வீட்டில் ஒரு புதிய வெள்ளி நிறக் கமெரா வந்திருக்கும். அவன்தான் அதைப் பெட்டி பிரித்திருப்பான். அவன்தான் அன்று முழுவதும் அதைத் தோளில் வைத்துப் படம் பிடித்திருப்பான்.

“அம்மா சொன்னவ,” என்றான் அவன். “சூசை அண்ணை எடுத்துத் தந்தவர் எண்டு. நான் பரிசெண்டு நினைச்சன்.”

 இதற்குச் சூசைரட்ணத்திடம் எழுதிவைத்த வசனம் இல்லை.

“நீங்கள் கடிதத்தை வாசிக்கேல்லையோ?” பிரசாந்தனின் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. “கடைசியிலை இருக்கே. சொன்ன விபரம் பிழையெண்டு தெரிஞ்சால் பொலிசுக்கு அறிவிக்கலாம் எண்டு.”

மேரியம்மா சுவரிலிருந்த திறப்புகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் படிக்கும் இடத்தில் வேலை செய்கிறவருக்குப் பொலிஸ் வழக்கு என்றால் என்ன என்பதை அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சூசைரட்ணம் ஆரபியைப் பார்த்தார். “நீ அதை வாசிக்கேல்லையோ, பிள்ளை?”

“வாசிச்சனான், மாமா.” குரல் தன்னுடையதாக இல்லை. “சொல்லேல்லை.”

“ஏன்?”

“சொன்னால் நீங்கள் வேண்டாம் எண்டிருப்பியள். அப்பா ரெண்டு மாதமாக் கறுப்புத் திரையைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்.” அவள் நிறுத்தினாள். அது பாதி உண்மை. “அதோடை, அந்தச் சரியெல்லாம் போட்டது நான். அதைச் சத்தமா வாசிக்க எனக்கு வெக்கமா இருந்தது.”

பரமநாதன் மகளைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

பிரசாந்தன் கையிலிருந்த கோப்பை மூடி வைத்தான். “பாத்தன் எண்டு எழுதினால் நான் கண்டதை எழுதோணும். ஆனால், அவர் கோரிக்கையைத் திருப்பி எடுத்திட்டார் எண்டால் எனக்கு இஞ்சை வேலை இல்லை. பெட்டியை மூடிட்டுப் போவன்.”

“மற்ற மூண்டும்?” என்றார் சூசைரட்ணம்.

“நான் கேக்கேல்லை.”

“நீர் கேட்டனீர், தம்பி. நான் தான் மறுமொழி சொல்லேல்லை.”

அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அவர்கள் வீட்டுக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் ஆரபிக்குத் தெரிந்த முகமாக இருந்தது. “பிள்ளை, கடதாசி எடு. நான் சொல்லுறதை எழுது. ஒரு வரியும் விடாமல்.”

அவர் தமிழில் சொல்ல அவள் நோர்வேஜிய மொழியில் எழுதினாள். இந்தத் தொலைக்காட்சி என்னுடையதல்ல. முன்னர் நான் கோரிய மூன்று பொருட்களும் என்னுடையவை அல்ல. எனது அட்டையால் மற்றவர்களுக்கு வாங்கியவை. படிவத்தில் சொன்னது உண்மை இல்லை. கையொப்பம் எனது.

“ஆருக்கு வாங்கினது எண்டு கேப்பினம், மாமா.”

“கேக்கட்டும். ஒருத்தற்ற பேரும் எழுதாதை.”

பிரசாந்தன் தலையைக் குனிந்து கருவிப்பெட்டியைப் பூட்டினான். பூட்டு விழ மூன்று முறை முயன்றான்.

“என்ன மனுசனப்பா நீங்கள்,” என்றாள் மேரியம்மா கணவனிடம். அழவில்லை. பிறகு பரமநாதனைப் பார்த்துச் சொன்னாள்: “பரமு, திறப்பு அந்த ஆணியிலை தான் தொங்குது. போகேக்கை ஒருக்காப் பாத்திட்டுப் போ.”

பரமநாதன் இரண்டாவது போர்வையை மடித்தார். மூலைக்கு மூலை பொருத்தி, தட்டி, மறுபடி விரித்து, மறுபடி மடித்தார்.

சூசைரட்ணம் கையொப்பமிட்டார். அவர் பேனாவை வைத்ததும் ஆரபி அதை எடுத்து, அவர் பெயருக்குக் கீழே அடிமட்டம் வைக்காமல், வெறுங்கையால், கையொப்பத்துக்கு இன்னொரு கோடு இழுத்தாள்.

“ஒரு கோடு காணும், பிள்ளை.”

“அது உங்களுக்கில்லை, மாமா.”

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. போர்வையின் மேல் ஓடிய கைகள் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தன.

வாசலில் பிரசாந்தன் சப்பாத்து நாடாவைக் கட்ட வெகுநேரம் எடுத்தான். வாஃபிளை அவன் தொடவில்லை. மேரியம்மா இரண்டைத் தாளில் சுற்றி அவன் ஜக்கெட் பையில் வைத்தாள், அவன் தடுக்கவில்லை.

“கடிதம் எப்ப அனுப்புவியள்?” என்று ஆரபியிடம் கேட்டான்.

“நாளைக்கு.”

“அப்ப நாளை வரைக்கும் நானும் ஒண்டும் அனுப்பேல்லை.” கதவைப் பிடித்தபடி நின்றான். “இண்டைக்கு வீட்டை போய் அம்மாவோடை கதைக்க வேணும். என்னண்டு தொடங்கிறதெண்டு தெரியேல்லை.”

-

 திரும்பும் வழியில் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. வானிலைப் பெண் சொன்ன பனி நெடுஞ்சாலை விளக்குகளில் மெல்ல விழத் தொடங்கியிருந்தது. சூசைரட்ணத்தின் கடிதம் ஆரபியின் புத்தகப் பையில் இருந்தது.

குரோருட் வந்து வானை நிறுத்தியதும் பரமநாதன், “நீ போ. நான் தூக்கிக்கொண்டு வாறன்,” என்றார்.

“பாரம், அப்பா.”

“போ.”

மேலே கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. சிறிதேவி மகளின் முகத்தைப் பார்த்ததும் எதையும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “நான் பின்பக்கம் துடைக்கேல்லை. தெரியும் எனக்கு, அதிலை சந்தனம் இருக்கெண்டு. துணியைக் கொண்டு போனனான். அழிக்க மனம் வரேல்லை. பேந்து சொல்லவும் வரேல்லை.”

“பரவாயில்லை, அம்மா.”

“அதாலையோ பிடிபட்டது?”

ஆரபி யோசித்தாள். “இல்லை,” என்றாள். “அது ஒண்டு தான் அங்கை பொய் சொல்லேல்லை.”

வரவேற்பறையில் தொலைக்காட்சி நின்ற மேசை வெறுமையாக இருந்தது. ஆரபி கடிதத்தை எடுத்து அதன் நடுவில் வைத்தாள். மேலே சூசைரட்ணம் என்ற பெயர், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. கீழே வெறும் கோடு. பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

படிக்கட்டில் அப்பாவின் காலடி கேட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது. கீழ்வீட்டுக் கதவு திறந்தது. “திருத்திவிட்டார்களா?” என்ற குரல் கேட்டது.

“இல்லை,” என்றார் பரமநாதன். “திருத்தவில்லை.”

அவர் உள்ளே வந்தார். தொலைக்காட்சியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கறுப்புத் திரை அவர் பக்கமும், சந்தனமும் திருநீறும் அவர்கள் பக்கமும் இருந்தன. போர்வை இல்லை, எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார். தலைமயிரில் பனித்துகள்கள். மேசைவரை வந்து, குனியப்போய், நின்றார்.

“அதை எடு, பிள்ளை. இதை வைக்க வேணும்.”

“நீங்கள் எடுங்கோ, அப்பா.”

“என்ர ரெண்டு கையிலையும் இது இருக்கு.”

“தெரியும்.”

சிறிதேவி அந்தக் கடதாசியை எட்டிப் பார்த்தாள். நோர்வேஜிய மொழி அவளுக்கு அவ்வளவாக ஓடாது. ஆனால் ஒரு பெயரும் அதன் கீழே ஒரு வெறும் கோடும் எந்த மொழியிலும் ஒன்றுதான். அவள் கையை நீட்டப்போய், தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

 பரமநாதன் தொலைக்காட்சியைக் கீழே வைக்கவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. கடிதத்தைப் பார்த்தபடியே நின்றார், இரண்டு மாதமாகக் கறுப்புத் திரையைப் பார்த்தது போல.